பிள்ளைக்காம்பராவும் எதிர்மலைத் தொட்டிலும்

பிள்ளைக்காம்பராவில் வேலை செய்கிறவளுக்குக் கைக்கடிகாரம் தேவையில்லை. வராந்தா வெயில் எந்தப் பாயைத் தொடுகிறது என்று பார்த்தாலே மணி தெரிந்துவிடும்.

வாசலில் தொங்கும் பலகையில் 'சிறுவர் அபிவிருத்தி நிலையம்' என்றுதான் எழுதியிருக்கிறது. அந்தப் பெயரை ஒருவர் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை, எல்லோருக்கும் இது பிள்ளைக்காம்பராதான். பசறையிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் வளைந்து வளைந்து வந்தால் எங்கள் தேயிலைத் தோட்டம். காலையில் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுக்க வேண்டிய தாய்மார், போகிற வழியில் பிள்ளைகளை என்னிடம் விட்டுவிட்டுக் கொழுந்தெடுக்க மலை ஏறுவார்கள். கைப்பிள்ளை முதல் நாலு வயது வரை மொத்தம் பத்தொன்பது பேர். அவர்களைப் பார்க்க நானும், கஞ்சி காய்ச்சி, துணி அலசி, மிச்ச நேரத்தில் எனக்குப் புத்தி சொல்கிற ராஜேஸ்வரி அக்காவும் இருக்கிறோம்.

எங்கள் பக்கம் ஆடி, ஆவணியில் மழை கிடையாது. காற்று மட்டும் விடாமல் அடிக்கும். அந்தக் காற்று குளிரும், அதே நேரத்தில் வெயில் சுடும். உடம்புக்கு முதலில் தெரிவது காற்றுதான். அதனால் எங்கள் சனங்கள் காற்றுக்குப் பயந்து பிள்ளைக்கு உடுத்துவார்களே தவிர, வெயிலை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. போன வருடம் அந்த இரண்டு மாதமும் நான் ஒரு இடத்தில் ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்காரவில்லை. பிள்ளை வளர்த்தவர்களும், அதைவிட, அடுத்தவர் பிள்ளையைப் பார்த்து வளர்த்தவர்களும் என்னோடு சேர்ந்து பெருமூச்சு விடலாம்.

பதினொரு கம்பளித் தொப்பிகள்

காலை ஏழு மணிக்கு வந்து சேருகிற பிள்ளைகளில் பதினொரு பேருக்குக் கம்பளித் தொப்பி, கைநீள சுவெட்டர், காலுறை. அந்த நேரத்துக்கு அது சரிதான். பனி மூடி எதிரில் நிற்கிற ஆள் தெரியாது. பத்து மணிக்குக் கூரைத் தகரம் காய்ந்து உள்ளே அடுப்பங்கரை மாதிரி ஆகிவிடும். அப்போதும் தொப்பியைக் கழற்றக் கூடாது என்பது தாய்மார் எனக்குப் போட்டிருக்கிற கட்டளை. நான் யாருக்கும் தெரியாமல் ஒவ்வொன்றாகக் கழற்றி அலுமாரியில் அடுக்கி வைப்பேன். கழுத்து மடிப்பெல்லாம் வேர்க்குரு சிவந்திருக்கும். சாயங்காலம் தாய்மார் வருவதற்குள் மறுபடி ஒவ்வொன்றாக மாட்டிவிடுவேன். திருட்டு வேலைதான், வேறு வழி தெரியவில்லை.

ஒரு நாள் அவசரத்தில் இரண்டு தொப்பிகள் தலை மாறிப் போயின. நீலத் தொப்பிக்காரன் மஞ்சள் தொப்பியோடு லயத்து வரிசை வீட்டுக்குப் போய்விட்டான். மறுநாள் காலை அவன் தாய் வாசலை விட்டு நகரவில்லை. நான் வெயில், வியர்வை, வேர்க்குரு என்று மூச்சு விடாமல் விளக்கினேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். கேட்டு முடித்துவிட்டுச் சொன்னாள்:

"சரிங்க மிஸ், தொப்பிய கழட்டுங்க. சளி புடிச்சா மட்டும் லயத்துக்கு வந்து நீங்களே மூக்கு சிந்தி வுட்டுட்டுப் போங்க."

பாறை நிழல்

என்னிடம் பத்தொன்பது பிள்ளைகள் இருக்க, என் உயிரை வாங்கியது என்னிடம் வராத இருபதாவது பிள்ளை. பரமேஸின் மகன் கவின். அப்போது அவனுக்கு நாலு மாதம். பிரசவ லீவு முடிந்து வேலைக்குத் திரும்பிய பரமேஸுக்குப் பத்தாம் நம்பர் மலையில் கொழுந்து. அது பள்ளத்துக்கு அந்தப் பக்கம், எங்கள் வராந்தாவுக்கு நேர் எதிரே. நடுவில் பால் கொடுக்க இறங்கி ஏறினால் ஒரு மணி நேரம் போய்விடும், வேலை வாங்குகிற கங்காணி முகத்தைப் பார்க்க முடியாது. அதனால் பிள்ளையை மலைக்கே கொண்டுபோய், பாதையோரத்தில் நிற்கிற சவுக்கு மரத்தில் சிவப்புச் சேலையால் தொட்டில் கட்டிப் போட்டிருந்தாள். தொட்டில் தொங்கிய கிளையைத் தவிர மற்றக் கிளையெல்லாம் வெட்டியிருந்தார்கள், மர நிழல் கிடையாது. ஆனால் பக்கத்தில் கிழக்கே ஒரு பெரிய பாறை. காலையில் அதன் நிழல் தொட்டிலை நன்றாக மூடி நிற்கும்.

பத்தரை மணிக்கு அந்த நிழல் பாறையடிக்கே திரும்பிவிடும். வராந்தாவில் நின்றால் எனக்கு எல்லாம் தெரிந்தது. முதல் நாள் சிவப்புத் தொட்டில் வெயிலில் மினுங்குவதைப் பார்த்ததும் துவாயை எடுத்து ஆட்டினேன், கத்தினேன். காற்று என் சத்தத்தை வேறு எங்கோ கொண்டு போனது. பிள்ளைகளை ராஜேஸ்வரி அக்காவிடம் ஒப்படைத்துவிட்டு, பள்ளத்தில் இறங்கி, மலையில் ஏறி, மூச்சு வாங்கப் போய்ச் சேர்ந்தேன். கவின் முகம் சிவந்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு கிடந்தான். நான் தொட்டிலை அவிழ்ப்பதைப் பார்த்து, தேயிலை நிரையிலிருந்து பரமேஸ் கூடையோடு ஓடி வந்தாள். என்னையும் பாறையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"காலையில கட்டுறப்ப நல்ல நெழலாத்தான் இருந்துச்சு மிஸ்," என்றாள்.

கன்றுக்கு வலை

அன்றிலிருந்து எனக்கு இரண்டு வேலை. ஒரு கண் முற்றத்தில், ஒரு கண் எதிர்மலையில். இங்கே முற்றத்திலும் நிழல் இல்லை. பிள்ளைகள் விளையாடுகிற பக்கம் மூன்று மணி வரை வெயில் நேராக விழும். ஊஞ்சல் கம்பியில் கை வைத்தால் சுடும். வராந்தாவுக்குள்ளே அடைத்து வைத்தால் ஒருவரை ஒருவர் கடிக்கிறார்கள். நான் பாயை இழுத்து இழுத்து நிழலுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தேன்.

தோட்டத்து நர்சரியில் தேயிலைக் கன்றுகளுக்கு மேலே பச்சை வலை கட்டியிருப்பார்கள். கன்றுகள் எவ்வளவு சுகமாக நிற்கின்றன என்று தினமும் அந்த வழியாகப் போகும்போது பார்ப்பேன். வெட்கத்தை விட்டு, நர்சரியைப் பார்க்கிற சுப்பர்வைசரிடம் போய், மிச்சம் கிடக்கிற வலையில் ஒரு துண்டு கேட்டேன். அவர் நல்ல மனிதர். தலையைச் சொறிந்தார், சுருட்டி வைத்திருந்த வலையையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"கன்னு வாடினா என்கிட்ட கேள்வி கேப்பாங்க மிஸ்," என்றார். "புள்ள வாடினா உங்ககிட்டதானே கேப்பாங்க."

இரட்டையர்

எங்களிடம் மூன்று வயதில் ஓர் ஆணும் பெண்ணுமாக இரட்டையர் இருக்கிறார்கள். தகப்பன் கொழும்பில் கடையில் வேலை. ஆடிக்கு வந்தபோது வெயிலுக்குப் பூசுகிற கிரீம் ஒரு டியூப் கொண்டு வந்தார். மறுநாள் காலை மகள் கூத்துக்கு வேஷம் கட்டினவள் மாதிரி முகமெல்லாம் வெள்ளையாக வந்து நின்றாள். மேலே ஒரு சின்னக் குடை வேறு. மகன் வெறுந்தலையோடு, கையில்லாத பனியனோடு பின்னால் வந்தான்.

கிரீம் கொண்டு வந்தது எனக்குச் சந்தோஷம்தான். தாயைக் கூப்பிட்டு, இரண்டு பேருக்கும் ஒரே தோல்தான், இரண்டு பேருக்கும் பூசுங்கள், அவனுக்கும் ஒரு தொப்பி போடுங்கள் என்றேன். அவன் தோளில் தோல் உரிந்திருந்ததையும் காட்டினேன். அவளுக்கு நான் சொல்வது வேடிக்கையாக இருந்தது.

"அவன் கறுத்தா என்ன மிஸ், பொண்ணு பாக்கவா வரப் போறாங்க?"

காலை வெயில்

பெக்டரியில் இரவு வேலை பார்க்கிற ஒருவருக்குப் புதிதாகப் பிள்ளை பிறந்திருந்தது. கைக்குழந்தையைக் காலை வெயிலில் கொஞ்ச நேரம் காட்டினால் நல்லது என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு நாள் நான் லயப் பக்கம் போனபோது மணி பதினொன்று. மனிதர் படியில் உட்கார்ந்து, எண்ணெய் பூசின பிள்ளையை மடியில் மல்லாத்திப் போட்டுக்கொண்டு கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். பிள்ளை வறுபடுகிற மாதிரி நெளிகிறது.

இவ்வளவு சின்னப் பிள்ளையை நேர் வெயிலில் போடவே கூடாது, அதிலும் இந்த நேரத்தில், என்று நான் பிள்ளையை வாங்கி உள்ளே கொண்டு போனேன். அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு உண்மையான வருத்தத்தோடு சொன்னார்:

"நான் எந்திரிக்கிறதே இப்பதான் மிஸ். எனக்கு இதுதான் காலை."

கங்காணியும் நானும்

சிரித்துக்கொண்டே இதையெல்லாம் சொல்கிறேன். அந்த நாட்களில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. பத்தரை மணி நெருங்க நெருங்கக் கஞ்சி ஊட்டிக்கொண்டே எழுந்து வராந்தாவுக்கு ஓடுவேன். கரண்டி கையில், பிள்ளை வாய் திறந்தபடி. "நீ இங்க சம்பளம் வாங்கிட்டு அங்க வேலை பாக்குற," என்று ராஜேஸ்வரி அக்கா திட்டும்.

வாரத்தில் இரண்டு நாளாவது மலை ஏறினேன். பரமேஸ் சொன்னால் கேட்கிறவள். நிழல் போகிற பக்கம் பிள்ளையை மாற்றிக் கிடத்துவாள். ஆனால் நிரை நகர நகர அவள் மரத்தை விட்டுத் தூரம் போய்விடுவாள், திரும்பி வர நேரமாகும். கடைசியாக ஒரு நாள், இங்கே பிள்ளைகள் அழுகிற சத்தம் அங்கே கேட்கிற மாதிரி எனக்கு ஒரு பதற்றம். நின்று பேசப் பொறுமையில்லை. "புள்ள மேல வெயில் படாம மூடி வை, பரமேஸ்," என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். இறங்கும் வழியில் கங்காணியைக் கண்டேன். பால் கொடுக்கிற தாய்க்குப் பிள்ளைக்காம்பராவுக்குப் பக்கத்து மலையில் வேலை போடக் கூடாதா, பிள்ளையை நான் பார்த்துக்கொள்கிறேனே என்று கேட்டேன். ஒருத்திக்கு மாற்றினால் எல்லோரும் கேட்பார்கள் என்றார். நான் விடவில்லை. அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"மலைய நான் பாத்துக்கிறேன் மிஸ், நீங்க புள்ள மடுவத்த பாருங்க."

படங்கு

அதற்கு அடுத்த நாள் எங்களிடம் பிள்ளைகளை நிறுக்கிற நாள். மருத்துவமாது தராசோடு வந்திருந்தார். பத்தொன்பது பேரையும் ஒவ்வொருவராகத் தூக்கி வைத்து, இறக்கி, அழுகையை அடக்கி முடிக்கும்போது பதினொரு மணி தாண்டிவிட்டது. அதுவரை நான் வராந்தா பக்கமே போகவில்லை. ஓடிப் போய் எட்டிப் பார்த்தேன். சிவப்புத் தொட்டிலைக் காணவில்லை. அந்த இடத்தில் கறுப்பாக ஒரு மூட்டை தொங்கியது.

கொழுந்தெடுக்கிறவர்கள் செடி கிழிக்காமல், பனி நனைக்காமல் இடுப்பைச் சுற்றித் தடித்த விரிப்பு ஒன்று கட்டுவார்கள். அதற்குப் படங்கு என்று பெயர். தண்ணீர் இறங்காது, காற்றும் இறங்காது. பரமேஸ் தன் படங்கை அவிழ்த்துத் தொட்டிலின் மேல் போர்த்தி, காற்றில் பறக்காமல் நாலு பக்கமும் கயிற்றால் கட்டியிருந்தாள். உள்ளே கவினுக்குச் சுவெட்டர், தொப்பி. நான் எப்படி அந்த மலையில் ஏறினேன் என்று எனக்கு நினைவில்லை. படங்கைப் பிரித்ததும் முகத்தில் அடித்த சூடு மட்டும் நினைவிருக்கிறது. பிள்ளை அழவில்லை. கை கால் துவண்டு, உடம்பு கொதித்து, கண் பாதி மூடியிருந்தது. உடுப்பைக் கழற்றி, பாறையடி நிழலில் கிடத்தி, போத்தல் தண்ணீரில் என் சால்வையை நனைத்து உடம்பெல்லாம் துடைத்தேன். யாரோ தொப்பியால் விசிறினார்கள். பரமேஸ் மாரைக் கொடுத்துப் பார்த்தாள், அவன் வாய் பிடிக்கவில்லை.

கங்காணிதான் பிள்ளையை வாங்கினார். அறுபதை நெருங்குகிற மனிதர், அந்தச் சரிவில் ஓடினார். கீழே கொழுந்து லொறி நின்றது. ஈரத் துணியும் திறந்த ஜன்னலுமாக ஆஸ்பத்திரி வரை நான் விசிறிக்கொண்டே போனேன். அன்று பகல் முழுக்க வார்டு வாசலில் நடந்தேன். உட்கார் என்று யாரும் சொன்னால் எரிச்சலாக வந்தது. என் வாயால் நான் சொன்ன ஒரு வார்த்தை ஒரு பிள்ளையைக் கொல்லப் பார்த்தது என்பதைத் தவிர எனக்கு வேறு ஒன்றும் ஓடவில்லை. சாயங்காலம் அவன் அழுதான். அந்த அழுகையைக் கேட்டு நான் அழுதேன். டொக்டர் அம்மா யாழ்ப்பாணத்துக்காரர். வெளியே வந்து, பிள்ளை தப்பிவிட்டது, பால் குடிக்கிறது என்றார். நடந்ததையெல்லாம் என்னிடம் கேட்டார். திட்டுவார் என்று நின்றேன். அவர் திட்டவில்லை.

"வெயிலை மறைச்சது சரி அம்மா," என்றார். "காத்தையும் எல்லோ சேத்து அடைச்சுப்போட்டியள்."

மூன்றாம் நம்பர் மலை

நாலு நாள் கழித்துப் பிள்ளையை வீட்டுக்கு விட்டார்கள். அதற்கடுத்த வாரம் காலைப் பெரட்டில் கங்காணி ஆட்களைப் பிரித்துக்கொண்டிருந்தார். நான் வழக்கம்போல் வேலியோரம் நின்று பார்த்தேன். பரமேஸின் பெயரை வாசித்து, மூன்றாம் நம்பர் மலை என்றார். அது எங்கள் முற்றத்துக்கு நேர் மேலே, கூப்பிட்டால் கேட்கிற தூரம். கைப்பிள்ளைக்காரிகள் மற்ற இரண்டு பேரையும் அங்கேயே போட்டார். ஆட்கள் முணுமுணுத்தார்கள். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

நன்றி சொல்லலாம் என்று பக்கத்தில் போனேன். என்னைக் கண்டதும் அவருக்கு முகம் கடுத்தது. கையில் இருந்த பெயர்க் கொப்பியை மூடினார்.

"அன்னைக்கு ஓடினதுல இன்னும் முட்டி வலிக்குது மிஸ். இன்னொருக்கா என்னால ஓட முடியாது, அதனாலதான்."

முழுசாக

அன்றே பரமேஸ் கவினைக் கொண்டுவந்து முதல் முறையாக என்னிடம் தந்தாள். மெல்லிய பருத்திச் சட்டை, தலையில் ஒன்றுமில்லை. நான் பிள்ளையை வாங்கிக்கொண்டு நின்றேன். இரண்டு வாரமாக எனக்குத் தூக்கமில்லை, அதை அவளிடம் சொல்லாமல் அவன் மேல் கை வைக்க எனக்கு உரிமையில்லை என்று பட்டது. லயத்தில் எல்லோரும் அவளைத்தான் ஏசியிருந்தார்கள், பெற்றவளே பிள்ளையை மூட்டை கட்டினாள் என்று. அவள் ஒருவரிடமும் என் பெயரை எடுக்கவில்லை.

"மூடி வைன்னு சொன்னது நான், பரமேஸ்," என்றேன். "எதால மூடணும், எவ்வளவு மூடணும்னு நான் சொல்லல. தப்பு என்னோடது." ராஜேஸ்வரி அக்கா கஞ்சிப் பானையோடு உள்ளே போய்விட்டது. பரமேஸ் பிள்ளையின் காலை ஒரு தரம் தொட்டுவிட்டு, கூடையை முதுகில் ஏற்றினாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"இனிமே எதச் சொன்னாலும் நின்னு முழுசா சொல்லுங்க மிஸ்," என்றாள். "நீங்க சொல்றத நாங்க அப்புடியே செய்யிறவங்க."

அன்றிலிருந்து நின்று முழுசாகத்தான் சொல்கிறேன். நான் வாய் திறந்தால் பெரட்டுக்குப் பிந்திவிடும் என்று, தாய்மார் இப்போது பிள்ளையை என் கையில் திணித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்க்காமல் மலை ஏறுகிறார்கள்.